புத்தகத்தைத் திருப்பிக் கொடு

அன்புள்ள கயல்,

மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? உன்னைக் கேட்டால் ‘எல்லாரும் நலம்’ என்று வாட்ஸப்பில் ஒரு வரி வரும். அதனால்தான் கடிதம்.

யாழினி பேசினாள். லைப்ரரியில் எடுத்த ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ கதையை நீ பாதியில் பிடுங்கி வைத்துவிட்டாயாம். நாஜி, சாவு எல்லாம் பத்து வயதுக்கு எதற்கு என்றாயாம். அதில் வரும் ஆனிமேரிக்கும் பத்து வயதுதான். தம்பியிடம் சொல்லி வரவழைத்து நானும் படித்துவிட்டேன். வாத்தியார் புத்தி போகுமா?

1943-ல் டென்மார்க்கில் யூதர்களை நாஜிகள் பிடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த நாட்டு ஜனங்கள் ஏறக்குறைய 7,000 பேரைப் படகுகளில் ஸ்வீடனுக்குக் கடத்திக் காப்பாற்றியிருக்கிறார்கள். உண்மையில் நடந்தது. மோப்ப நாயின் மூக்கு மரத்துப்போக, காய்ந்த முயல் ரத்தமும் கொக்கெய்னும் கலந்த பொடியைக் கைக்குட்டையில் தடவி வைத்தார்களாம். என்ன மூளை பார்!

கதையில், யூதத் தோழி எலனை ஆனிமேரி வீட்டார் தங்கள் மகள் என்று சொல்லி ஒளித்துவைக்கிறார்கள். நடுராத்திரி சிப்பாய்கள் வந்து, இவளுக்கு மட்டும் எப்படிக் கருப்பு முடி என்கிறார்கள். அப்பா ஆல்பத்திலிருந்து, இறந்துபோன மூத்தவள் லீஸவின் குழந்தைப் படத்தைப் பிய்த்து நீட்டுகிறார். அவளுக்கும் அப்போது கருப்பு முடி. அதைப் பார்த்த அதிகாரி படத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறான். எலன் பிழைத்தாள். அந்த வீட்டில் லீஸவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அவள் துணிமணி பெட்டிக்குள் மூடியே கிடக்கிறது.

நீ எந்தப் பக்கத்தில் பிடுங்கினாய் என்று நான் கேட்கவில்லை.

“பாட்டி, அண்ணா பிறந்தப்ப தலை நிறைய முடி இருந்துச்சா?” என்றாள் யாழினி. அம்மாவைக் கேளேன் என்றேன். “அம்மா எழுந்து போயிடுவா” என்றாள்.

அந்த வருஷமும் வேலையை விடாமல், இவளையும் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு சமாளித்தாய். என்னால் முடிந்திருக்காது. ஆனால் பெற்றவளிடம்கூட வாய் திறக்காமல் இருக்க எங்கே கற்றுக்கொண்டாய்?

நேரத்துக்குச் சாப்பிடு. புத்தகத்தைக் கொடுத்துவிடு. ராத்திரி வெகுநேரம் விழிக்காதே. புத்தகத்தைக் கொடு, கெடு தாண்டினால் ஃபைன் வேறு கட்ட வேண்டும்.

ஆல்பம் என் பீரோவில், நீ வைத்துவிட்டுப் போன அதே பையில் இருக்கிறது. அப்பா ஒரு தடவை எடுத்தார், பிரிக்காமலே வைத்துவிட்டார். தபாலில் அனுப்ப எனக்கு மனசில்லை. யாழினிக்கு லீவு எப்போது விடுகிறார்கள் என்று எழுது.

அம்மா