ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சாவி எங்களுக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் இருக்கும் அண்ணன்மார் அக்காமார் அனைவருக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பின் ஸ்தோத்திரம்.

இதைத் தனியாக எழுதி உங்கள் கையில் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தேன். மே மாதம் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. இரண்டுக்கும் "கமிட்டியில் வைக்கிறோம்மா" என்று சொன்னீர்கள், அதோடு சரி. அதனால் இந்த முறை எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். சபையின் பெயரைப் போடவில்லை. கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு எது என்று புரியும், மற்றவர்களுக்கு அது தேவையும் இல்லை.

அறை விஷயம் முழுவதும் உங்களுக்கே தெரியும். கோயிலுக்குப் பின்னால், ஞாயிறு காலையில் நாங்கள் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற ஓய்வுநாள் பள்ளி அறைக்கு டைல்ஸ் போட்டு, கீசர் மாட்டி, கட்டில் வாங்கிப் போட்டு, சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டீர்கள். ஜூன் முதல் வாரம் திரும்பத் தருவதாகத்தான் தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. இப்போது ஐப்பசி மழை. பிள்ளைகளின் பெஞ்சுகள் ஜெனரேட்டர் ஷெட்டில் கிடக்கின்றன, கரும்பலகையில் யாரோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் கோயிலின் பக்கத்து வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறோம். மூன்று வகுப்பும் அந்த ஒரே வராந்தாவில்தான். ஒரு முனையில் நோவா பேழை கட்டிக்கொண்டிருப்பார், மறுமுனையில் பவுல் கப்பலேறிக்கொண்டிருப்பார், நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்துதான் கேட்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாமல் போனது மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பம். சின்னப் பிள்ளையாக வந்தவர், வந்த கொஞ்ச காலத்திலேயே கொழுந்து எடுக்கக் கூடையை மாட்டிவிட்டார்கள், பள்ளிக்கூடம் என்று ஒன்றை உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. போன வருஷம் பேரனைக் கொண்டுவந்து விட்டவர், குளிராக இருக்கிறதே என்று உள்ளேயே உட்கார்ந்தார். அடுத்த வாரம் ஒரு சிலேட்டோடு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, "நானும் எழுதிப் பாக்கட்டுமா டீச்சரம்மா" என்று அவராகத்தான் கேட்டார். தேயிலைக் கறை ஏறிய அந்த விரல்களுக்கு 'ஆ' போட மூன்று வாரம் ஆனது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாயி, சுழி இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுப்பான்.

பத்து மாதத்தில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். நான் 23-ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தேன், எல்லோரும் அதில்தானே ஆரம்பிக்கிறோம். வேண்டாம் என்றார். "அது எனக்கு மனப்பாடம் டீச்சரம்மா. நான் வாசிக்கிறேனா ஒப்பிக்கிறேனான்னு எனக்கே தெரியாது. தெரியாத ஒண்ணு குடுங்க." ஒரு வாரம் யோசித்து மாற்குவின் பத்தாம் அதிகாரத்தைக் கொடுத்தேன், எரிகோ வழியில் உட்கார்ந்திருந்த பர்திமேயு என்ற குருடனின் கதை. அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் வாசிப்பதாக ஏற்பாடு. புடவைக்கு மேல் நல்ல ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தார். மழை சாரலாக வராந்தாவுக்குள்ளேயே அடிக்கிறது, வேதாகமம் நனையாமல் இருக்க ஒரு பையன் குடை பிடிக்கிறான், பாட்டி விரலை வைத்து "ப... ர்... பர்... தி... மே..." என்று கூட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்போது அந்த அறைக் கதவு திறந்தது. தங்கியிருந்தவர் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் சத்தம் போடாம இருக்க முடியுமா, நாங்க தூங்கிட்டிருக்கோம்" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பணம் கொடுத்துத் தங்கியிருக்கிறார், லீவு நாள், அவருக்கு என்ன தெரியும். பாட்டி வேதாகமத்தை மூடினார். "மன்னிச்சிருங்க சார்" என்று அவரிடம் சொன்னார். சொந்தச் சபையின் வராந்தாவில், வேதம் வாசித்ததற்காக, அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறாக வகுப்புக்கு வரவில்லை. ஆராதனைக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார்.

இதைக் கமிட்டி அங்கத்தினர் ஒருவரிடம் சொன்னேன். பெயர் வேண்டாம், வாசித்தால் அவருக்கே தெரியும். "அந்த வயசுக்கு மேல படிச்சு அவங்க என்னம்மா பண்ணப் போறாங்க" என்றார்.

ஐயா, நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அந்த அறையின் சாவி எங்களிடம் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேட்கவில்லை, படிக்க வருகிற எந்த வயதுக்காரருக்கும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த ஆசை கிடையாது. இங்கிருந்து பஸ் ஏறினால் குன்னூர். 1876-ல் தொடங்கிய இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கத்துக்கு அந்தக் குன்னூர்தான் பிற்பாடு தலைமையிடமாக இருந்தது, எங்கெங்கோ இருந்து ஆசிரியர்கள் பயிற்சிக்காக இந்த மலை ஏறி வந்தார்கள். அந்த மலையில் இருந்துகொண்டு நாம் பாய் விரிக்க இடம் தேடுகிறோம். 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் ஞாயிற்றுக்கிழமையில்தான், மற்ற நாளெல்லாம் அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனதால். தோட்டத் தொழிலாளர்கள் வாழும் நம் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கும் கையில் இருப்பது அந்த ஒரே நாள். வேல்ஸ் நாட்டில் ஞாயிறு பள்ளி பரவியபோது பெரியவர்களும் வயதானவர்களும் சேர்ந்தே உட்கார்ந்து படித்தார்கள், பிள்ளைகள் சமாச்சாரம் என்று யாரும் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழை எப்படிப் படித்தார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்தை எழுதிப் படித்தார். அப்படிப் படித்தவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடுதான் 1715-ல் அச்சாகி வந்தது. வளர்ந்த ஆள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்ததை நாம் மேடையில் பெருமையாகச் சொல்கிறோம், ஆனால் அதையே நம் சபையில் ஒரு பாட்டி செய்தால் அவருக்கு ஒரு கூரை கிடைப்பதில்லை.

அப்பொல்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். வேதாகமங்களில் வல்லவன் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதியிருக்கிறது, பெரிய பிரசங்கி. அவனையே ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியாக அழைத்துக்கொண்டு போய் இன்னும் திட்டமாய்ச் சொல்லிக்கொடுத்தார்கள், அவனும் கேட்டுக்கொண்டான். நம் சபையில் பிள்ளைகளை முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் ஆனதோடு எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. பேராயர் வந்து தலையில் கை வைக்கிற அன்று வரைக்கும் விசுவாசப் பிரமாணத்தை எழுதிக் காட்டு, பத்துக் கட்டளையை ஒப்பி என்று விரட்டுகிறோம். அடுத்த ஞாயிறு அந்தப் பையன் கோயிலுக்கு வெளியே பைக்மேல் உட்கார்ந்திருக்கிறான். ஏன் என்று நாம் கேட்பதில்லை, ஏனென்றால் அவனுக்கு அடுத்த வகுப்பு என்று ஒன்று நம்மிடம் கிடையாது. இருபது வயதில் வேலை கிடைக்காமல் அலையும்போது, முப்பதில் வீட்டில் சண்டை வரும்போது, நாற்பதில் அப்பா புற்றுநோயில் படுத்திருக்கும்போது, இந்த விசுவாசத்தை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று உட்கார்ந்து பேச ஒரு இடம் வேண்டாமா? பதினைந்து வயதில் மனப்பாடம் பண்ணினதுதான் எழுபது வயது வரைக்கும் வர வேண்டும் என்றால் எப்படி வரும்?

அந்த இடத்தை நாம் காலியாக விட்டதால் கைபேசி வந்து உட்கார்ந்துகொண்டது. யார் என்றே தெரியாதவர்களின் தீர்க்கதரிசனங்கள் நம் குரூப்பிலேயே தினம் வருகின்றன, பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும் என்று வருகிறது, நம் ஆட்கள் பயந்துபோய் அனுப்புகிறார்கள். போன வருஷம் ஒரு அம்மா காணிக்கை அனுப்பினால் மகனுக்கு விசா கிடைக்கும் என்று நம்பி நகையை அடகு வைத்தார். கமிட்டியிலும் அதைப் பேசினீர்கள், வருத்தப்பட்டீர்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு நாம் கடைசியாக எப்போது, எதைச் சொல்லிக்கொடுத்தோம்? முப்பது வருஷத்துக்கு முன்னால் திடப்படுத்தல் வகுப்பில்.

எல்லாவற்றுக்கும் நம்மிடம் பணம் இருக்கிறது. கன்வென்ஷனுக்கு ரோடு முழுக்க பிளெக்ஸ், கோயிலுக்குள் பெரிய திரை, அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல், சபைத் தேர்தல் வந்தால் வீட்டுக்கு வீடு இரண்டு ஜீப். ஓட்டுக் கேட்டு நீங்கள் எல்லோரும் அந்தப் பாட்டியின் லைன் வீட்டுக்கும் போனீர்கள். சந்தா பாக்கியைக் கட்டி அவர் பெயரை ஓட்டுப் பட்டியலில் சேர்த்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். வருடாந்திர அறிக்கையில் எங்களைப் பற்றி வருவது ஒரே வரி: "ஓய்வுநாள் பள்ளி சிறப்பாக நடைபெற்று வருகிறது." எங்கே நடைபெறுகிறது என்று அந்த வரியில் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆக்ஷன் பாட்டுப் பாடும்போது எல்லோரும் முன்னால் வந்து போட்டோ எடுக்கிறீர்கள். மீதி ஐம்பத்தொரு வாரமும் நாங்கள் அந்த வராந்தாவில்தான் இருக்கிறோம், ஒரு நாள் வந்து பாருங்களேன்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். உங்களில் பலர் என் வகுப்பில் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார், பொருளாளர் அண்ணன் எங்கள் வீட்டுத் துக்கத்தில் இரவெல்லாம் கூட நின்றவர். உங்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அறை வாடகையில்தான் கூரைத் தகடு மாற்றினோம் என்கிறீர்கள், அது உண்மை, மழை இப்போது கோயிலுக்குள் ஒழுகுவதில்லை. சீசனில் அந்தப் பணம் வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவு மட்டும் யாருக்கும் கொடுக்காமல் இருங்கள். கட்டிலைச் சுவரோரம் தள்ளிக்கொள்கிறோம், பெஞ்சை நாங்களே தூக்கிப் போட்டு நாங்களே திரும்ப எடுத்து வைக்கிறோம், அறையையும் கூட்டிவிட்டுப் போகிறோம். அவ்வளவு இறங்கி வந்து கேட்கிறேன்.

இதே நீலகிரியில், கேத்தியில் பாசல் மிஷன்காரர்கள் 1846-ல் வேலையை ஆரம்பித்தார்கள். இந்த மலையின் படுகர் இனத்தில் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல். நடுவில் பன்னிரண்டு வருஷம். படுகர்களில் ஒரு தலைகூட எண்ணிக்கையில் ஏறாத அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர்கள் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. நாங்கள் ஒரு மணி நேரம் கேட்கிறோம்.

இந்த வாரக் கமிட்டியில் தயவுசெய்து இதை வையுங்கள். ஞாயிறு எட்டிலிருந்து ஒன்பது வரை அறை கல்விக்கு, எல்லா வயதுக்கும், என்று ஒரு தீர்மானம் எழுதுங்கள். சாவியை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்தால் போதும், நான் ஏழே முக்காலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். ஆயர் ஐயா, இன்னும் ஒரு உதவி. சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்கு அந்த லைன் பக்கம்தான் வருகிறீர்கள். வரும்போது பாட்டி வீட்டுக்குள் ஒரு நிமிஷம் போய், நாளைக்கு அறைக்குள்ளேதான் வகுப்பு, வாங்க என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் வரமாட்டார், இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மாற்கு பத்து, நாற்பத்தாறாம் வசனத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன் என்றும் சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை