துலிப்பும் கத்தரியும்: வீட்டுத்தோட்டச் சங்க ஆண்டறிக்கை 2024–2025

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 செப்ரெம்பர் முதல் 2025 ஓகஸ்ற் வரையான எமது சங்கத்தின் செயற்பாடுகளைச் சபை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. செயற்குழு ஒழுங்காகக் கூடியது. ஸ்னோ கொட்டித் தள்ளிய பெப்ரவரியில் மட்டும் யாரும் காரை வெளியே எடுக்க முடியாததால் கூட்டத்தைத் தொலைபேசியில் நடத்தினோம். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் அதிகமானோர் ரொறன்ரோவின் புறநகர்களான மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் புது வீடு வாங்கிப் போனவர்கள். மேல்மண்ணையெல்லாம் வழித்தெடுத்துவிட்ட வெறும் களிமண்ணில் என்ன நடலாம் என்று கேட்டுத்தான் அவர்கள் வந்தார்கள். சரி, கேள்வியோடு வருபவர்கள்தான் ஒரு சங்கத்துக்கு வேண்டும்.

சென்ற பொதுக்கூட்டத்தில் முன்வளவுகளை அழகுபடுத்துவது என்று தீர்மானம் எடுத்தோம். அதன்படி இந்த வருட வேலையில் பெரும்பங்கு துலிப்புக்கே போனது. “கத்தரியும் பாகலும் நட வந்த சங்கத்துக்குப் பூ எதற்கு?” என்று அப்போதே ஒரு மாமி எழுந்து கேட்டார். அந்தக் கேள்வி வருடம் முழுக்க எங்களை விடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கூட்டுக் கொள்வனவு. படத்தைப் பார்த்து இனம் தெரிவு செய்ய வேண்டாம், பூக்கும் காலத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது. ஒரே இனத்தை அள்ளி நட்டால் பத்து நாளில் எல்லாம் பூத்து முடிந்துவிடும். மூன்று நாலு வகையைக் கலந்தால் ஏப்ரல் பாதியில் தொடங்கி மே முடியும்வரை முன்வளவில் ஏதாவது ஒரு நிறம் நிற்கும். முதலில் வருவது காஃப்மானியானா. ஒரு சாணுக்கு மேல் வளராது, காற்றுக்கும் சாயாது. அதன் பின்னாலேயே ஃபொஸ்ரேரியானா வகையில் வெள்ளைப் ‘பியூரிஸிமா’வும் சிவப்பு ‘ரெட் எம்பரர்’உம் வரும். மே தொடக்கத்தில் டார்வின் ஹைபிரிட், அதாவது ‘அப்பல்டோர்ன்’, ‘பிங்க் இம்ப்ரெஷன்’ போன்ற நெடிய தண்டுப் பூக்கள். செம்மஞ்சள் நிறத்தில் இதழ் கூராக வளைந்த ‘பலரீனா’வுக்கு மெல்லிய வாசமும் உண்டு. கடைசியாக, கறுப்பு என்று சொல்லி விற்கும் ‘குயீன் ஒஃப் நைற்’. வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், அது நன்றாக முற்றிய நாவற்பழத்தின் நிறம். சுத்தமான கறுப்புத் துலிப் கிடையாது, நீலமும் கிடையாது.

கிளி வகைக்கு, அதாவது ‘பிளாக் பரட்’ போன்ற கிழிந்த இதழ்க்காரருக்கு, கேட்டவர்கள் அதிகம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தலை பாரம். ஒரு மழைக்குத் தண்டோடு குனிந்து மண்ணைத் தொட்டுவிடும். அதை வாசலில் நடாமல் சுவரோரமாக ஒதுக்குப்புறத்தில் நடுங்கள். என் தனிப்பட்ட வாக்கு ‘ஸ்பிரிங் கிரீன்’ இனத்துக்கு. வெள்ளை இதழின் நடுவே பச்சைக் கோடு, மற்றவை உதிர்ந்த பின்னும் நின்றுகொண்டிருக்கும். அதை வாங்கியவர்கள் மிகக் குறைவு என்பதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

வந்த பெட்டிகளில் ஒன்றில் ‘குயீன் ஒஃப் நைற்’ என்று ஒட்டியிருந்த பைகள் மே மாதம் இளஞ்சிவப்பாகப் பூத்தன. மொத்த வியாபாரியிடம் படத்தோடு முறையிட்டோம், பணத்தைத் திருப்பித் தந்தார். பூ பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்பதால் பாதிக்கப்பட்டவர்கள் யாரும் பெரிதாகக் கோபிக்கவில்லை.

நடுகைப் பட்டறையை ஒக்ரோபர் தொடக்கத்தில் வைப்பதாக இருந்து நவம்பருக்குத் தள்ளிப் போட்டோம். இலையுதிர் காலம் அந்த அளவுக்குச் சூடாக இருந்தது. மண் 13 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகு நடுவதுதான் நல்லது. சூட்டு மண்ணில் கிழங்கு அழுகும், இல்லாவிட்டால் அவசரப்பட்டு முளைக்கும். ஆழம் 15 முதல் 20 சென்ரிமீற்றர், இடைவெளி 10 முதல் 15 சென்ரிமீற்றர், கூர்முனை மேலே. சுற்றளவு 12 சென்ரிமீற்றருக்குக் குறையாத கிழங்காக எடுத்தால் முதல் வருடப் பூ நிச்சயம். களிமண்காரர்கள் குழிக்குள் மட்டும் நல்ல மண் போட்டால் அது தண்ணீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். பாத்தியையே உயர்த்திக் கொம்போஸ்ட் கலந்து நடச் சொன்னோம். டிரைவ்வே ஓரத்தில் நட்டவர்களின் கன்றுகள் மெலிந்து வந்ததற்குக் காரணம் ஸ்னோவோடு வந்து விழும் உப்பு. அந்த இடத்தை வசந்தத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம், அல்லது ஒரு முழம் தள்ளி நடலாம்.

பட்டறையில் கையுறை கட்டாயம் என்று சொன்னபோது சிலர் சிரித்தார்கள். துலிப் கிழங்கில் இருக்கும் ஒரு பொருள் தோலில் பட்டுப் பட்டு விரல் நுனி வெடித்து எரிச்சல் எடுக்கும். ஒல்லாந்தில் கிழங்கு தரம்பிரிக்கும் தொழிலாளருக்கு இது தெரிந்த வருத்தம். இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவரின் வீட்டில் கடதாசிப் பையில் சமையலறை மூலையில் வைத்திருந்த கிழங்குகளை, ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தாயார் வெங்காயம் என்று எடுத்துப் பலகையில் வைத்து இரண்டாக வெட்டியும் விட்டார். கண் எரியவில்லையே என்று சந்தேகப்பட்டு மகளைக் கூப்பிட்டதால் கறி தப்பியது. 1944–45 பஞ்சக் குளிரில் ஒல்லாந்துச் சனம் துலிப் கிழங்கைத் தின்றது உண்மைதான், ஆனால் நடுக்குருத்தை எடுத்துவிட்டு, வேறு வழியில்லாமல் தின்றார்கள். வீட்டில் கிழங்கு இருந்தால் பையில் பெரிதாகத் தமிழில் எழுதி வையுங்கள். நாய், பூனை இருக்கும் வீடுகளிலும் கவனம்.

அணில். இந்த ஊர்க் கறுப்பு அணிலும் சாம்பல் அணிலும் முதுகில் மூன்று கோடு இல்லாதவை, ஆகவே இராமர் மேல் பாரத்தைப் போட்டு மன்னிக்கத் தேவையில்லை. நட்டு முடித்துக் கை கழுவ உள்ளே போய் வருவதற்குள் ஒரு வரிசையையே தோண்டி எடுத்துவிட்டது. நாங்கள் அணிலை ஏறவிட்ட நாய் போல வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மிளகாய்த்தூள் போட்டுப் பார்த்தவர்கள் பலர், ஒரு மழையோடு அது போய்விடுகிறது. உறுதியாகப் பலன் தந்தது கோழிக்கூட்டுக் கம்பிவலைதான். கிழங்குக்கு மேல் வலையை விரித்து அதன் மேல் மண் போட்டு மூடினால் முளை கண்ணறை வழியாக வந்துவிடும், அணிலின் கை போகாது. நட்ட இடத்தில் கிழங்குத் தோலும் சருகும் கிடந்தால் வாசம் பிடித்து வரும், அவற்றைப் பொறுக்கிவிடுங்கள். டஃபடில் என்ற மஞ்சள் வசந்தப் பூவின் கிழங்கை அணில் தொடாது என்பதால் சிலர் இரண்டையும் கலந்து நட்டார்கள், அதுவும் ஓரளவு உதவியது. பூவை வெட்டிச் சாடியில் வைக்கும்போது மட்டும் டஃபடிலையும் துலிப்பையும் உடனே சேர்க்கக் கூடாது. டஃபடில் தண்டின் பால் துலிப்பை வாட்டிவிடும்.

சித்திரைப் புத்தாண்டுச் சட்டி இந்த வருடத்தின் நல்ல வெற்றி. ஏப்ரல் 14 அன்று ரொறன்ரோவில் நிலத்துத் துலிப் பெரும்பாலும் இலையோடுதான் நிற்கும், பூசைத்தட்டில் வைக்கப் பூ இருக்காது. ஆகவே நவம்பர் தொடக்கத்தில் சட்டிகளில் நெருக்கமாக நட்டு, சூடாக்காத கராஜில் வைத்தோம். துலிப்புக்கு 12 முதல் 16 கிழமை குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பூ இலைக்குள்ளேயே நின்றுவிடும். மார்ச் நடுவில் வீட்டுக்குள் எடுத்து, முதலில் வெளிச்சம் குறைந்த குளிர்ந்த அறையிலும் பிறகு யன்னலோரத்திலும் வைத்தோம். இரட்டை இதழ் மஞ்சள் ‘மொண்டே கார்லோ’ சொல்லிவைத்தாற் போல வந்தது. கராஜ் இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் ஃபிரிட்ஜில் வைத்தார்கள். அதில் சிலருக்கு ஒரு மொட்டும் வரவில்லை. விசாரித்தபோது அதே தட்டில் அப்பிள் இருந்திருக்கிறது. அப்பிள் விடும் எதிலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். அடுத்த முறை அப்பிளும் துலிப்பும் ஒரே பெட்டிக்குள் வேண்டாம்.

மே மாதம் ஒட்டாவா துலிப் விழாவுக்கு பஸ்ஸில் போய் வந்தோம். இரண்டாம் உலகப் போரில் ஒல்லாந்து இளவரசி யூலியானா பிள்ளைகளோடு ஒட்டாவாவில் தஞ்சம் இருந்தார். 1943 ஜனவரியில் இளவரசி மார்க்ரீற் அங்கே பிறந்தபோது, குழந்தைக்குக் கனடியக் குடியுரிமை தானாக வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பிரசவ அறைகளைக் கனடிய ஆட்புலத்துக்கு அப்பாற்பட்டவை என்று அரசு அறிவித்தது. 1945 இல் நன்றிக்கடனாக 100,000 கிழங்குகள் வந்தன, இன்றும் வருடாவருடம் வருகின்றன. விழாவாக அது 1953 இல் தொடங்கியது. டௌஸ் ஏரிக்கரையில் நின்று இந்தக் கதையை எங்கள் தலைவர் சொல்லி முடித்தபோது பஸ்ஸில் வந்த பெரியவர்கள் சிலர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அகதியாக வந்து இறங்கியவர்களுக்கு அந்தக் கதையை விளக்க வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம் எல்லோரும் படம் எடுக்கப் போய்விட்டார்கள். மதியச் சோறு கட்டித் தந்த மகளிர் அணிக்கு நன்றி.

இனி அந்த மாமியின் கேள்வி. மே பிற்பாதியில் வரும் விக்ரோறியா தினத்தோடு கத்தரி, தக்காளி, மிளகாய்க் கன்றுகள் வெளியே வர வேண்டும். அதே நேரத்தில் துலிப் பூ முடிந்து இலை மட்டும் பச்சையாக நிற்கிறது. அந்த இலை மஞ்சளாக ஆறு கிழமையாவது எடுக்கும், ஜூன் கடைசி வந்துவிடும். இடம் வேண்டும் என்று இலையை அறுத்தவர்கள் இருக்கிறார்கள், தலைமயிர் போல அழகாகப் பின்னி முடிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் கூடாது. இந்த வருடக் கிழங்கு பூத்ததோடு கரைந்து போகிறது. அதன் இடத்தில் வரும் புதுக் கிழங்கு அந்த இலை பிடிக்கும் வெயிலில்தான் பெருக்கிறது. முந்திய வருடம் இலையை வெட்டிய ஒரு வளவை இந்த ஏப்ரலில் போய்ப் பார்த்தோம். வரிசை முழுக்க அகலமான ஒற்றை இலைகள், நடுவில் தண்டே இல்லை.

இலைகளுக்கு இடையில் கத்தரியை நட்டால் என்ன என்று கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். துலிப்பின் ஊர் மத்திய ஆசியாவின் தியான்ஷான், பாமீர் மலைப்பக்கம். உறையும் பனிக்காலம், காய்ந்த கோடை. கிழங்கு கோடையில் உறங்கும்போது அதற்குத் தண்ணீர் ஆகாது. கத்தரிக்கோ தினமும் தண்ணீர் வேண்டும். ஒரே பாத்தியில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. தண்ணீரில் கிழங்கு அழுகிப் போவதைவிடப் பாத்தியைப் பிரிப்பது மேல்.

ஆகவே செயற்குழு இப்படி முடிவு செய்து சபையின் அங்கீகாரத்துக்கு வைக்கிறது. வருடாவருடம் திரும்பி வரக்கூடிய டார்வின் ஹைபிரிட்டும், பெருகிப் பரவும் சிறிய மஞ்சள் ‘டார்டா’வும் முன்வளவுக்கு. அங்கே கோடையில் தண்ணீர்க் குழாயைத் திறக்காதீர்கள். மரக்கறிப் பாத்தியில் பூ இல்லாமல் இருக்க முடியாதவர்கள் முந்திப் பூக்கும் காஃப்மானியானாவை ஓரத்தில் மட்டும் நடலாம். கிளி வகை, இரட்டை இதழ் ‘அஞ்சலிக்’ போன்றவை எப்படியும் இரண்டாம் வருடம் சோம்பிவிடும். அவற்றை ஒரு வருடப் பூவாகவே எண்ணி, பூ முடிந்ததும் கிழங்கோடு பிடுங்கிக் கொம்போஸ்டில் போட்டுவிட்டுக் கத்தரியை நடுங்கள். ஒட்டாவாவிலேயே பூ முடிந்த பாத்திகளை வெறுமையாக்கிக் கோடைப் பூ நடுகிறார்கள், ஆகவே யாரும் பாவம் பார்க்க வேண்டாம். மாமிக்கு இந்த ஏற்பாடு சம்மதம். பின்வளவைத் தொடாதவரை.

நோய் பற்றிச் சுருக்கமாக. மே மழைக்குப் பிறகு சில வளவுகளில் இலை சுருண்டு நெருப்புப் பட்டதுபோலக் கருகியது. இது பொற்றைற்றிஸ் பூஞ்சணம். ஒன்ராறியோவில் 2009 முதல் அழகுத் தோட்டத்துக்கு இரசாயனப் பீடைகொல்லி அடிக்கத் தடை இருப்பதால், அந்தக் கன்றைக் கிழங்கோடு பிடுங்கிக் குப்பைப் பையில் கட்டிப் போடுவதும், அதே இடத்தில் சில வருடம் துலிப் நடாமல் விடுவதும்தான் வழி. ஒரே நிறமாக இருந்த பூ திடீரென்று கோடு கோடாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். 1637 இல் ஒல்லாந்தில் வீட்டு விலைக்கு விற்று விழுந்த கோட்டுத் துலிப்புகளுக்கு அந்த அழகைக் கொடுத்தது அசுவினி பரப்பும் வைரஸ். அதையும் பிடுங்க வேண்டியதுதான்.

இணையத்தில் “நீலத் துலிப் விதை” வாங்கிய உறுப்பினர்களுக்கு முளைத்தது ஏதோ கீரை. விதையிலிருந்து துலிப் பூக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். துலிப்பைக் கிழங்காகத்தான் வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்குக் கிழங்கு கொண்டுபோகலாமா என்றும் பலர் கேட்டார்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனாலும் குளிர் இல்லாத இடத்தில் மறுவருடம் வராது. அங்கே செவ்வந்தியும் செவ்வரத்தையும் இருக்கும்போது அதுவே போதும்.

இவ்வருடம் எம்மைவிட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம். அவர்களுடைய குடும்பத்தினர் விரும்பினால் அந்த வளவுகளின் நடுகையை இளைஞர் அணி செய்துதரும். மண்டபம் தந்த நூலகத்துக்கும், பட்டறைக்கு மண்வெட்டியோடு வந்தவர்களுக்கும், பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்காமாருக்கும் நன்றி.

அடுத்த கொள்வனவுக்கான படிவம் வாசலில் இருக்கிறது. இனத்தின் பெயரோடு எந்தப் பாத்தி, முன்வளவா பின்வளவா என்பதையும் எழுதுங்கள். செப்ரெம்பர் நடுப்பகுதிக்குப் பின் வரும் படிவங்களை ஏற்க முடியாது. மிஞ்சிய கம்பிவலை பொருளாளரின் கராஜில் கிடக்கிறது. அவருடைய துணைவியார் இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார், தேவையானவர்கள் இந்தச் சனிக்கிழமைக்குள் எடுத்துப் போகவும்.

நன்றி.

செயலாளர்