விடியட்டும், பிறகு மிதிப்போம்

கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து நீலகிரிக்கு ஏறும் சைக்கிள் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை இரவு நீங்கள் அனுப்பும் அறிவிப்பு எனக்கு மனப்பாடம். 'காலை 3.30, காரமடை. முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம்.' பதினோரு ஆண்டுகளாக நானும் அந்த நேரத்துக்கு வந்து நின்றவன்தான். அந்த 3.30-ஐ மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏன் 3.30 என்று எனக்கும் தெரியும். வெயில் உச்சிக்கு வரும்முன் கெத்தை ஏற்றத்தை முடிக்க வேண்டும், கார்கள் வரும்முன் வளைவுகளைக் கடக்க வேண்டும் என்பீர்கள். உள்ளபடி சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு வீடு திரும்ப வேண்டும். நானும் அதற்காகத்தான் கிளம்பினேன்.

காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை, மஞ்சூர். 43 கொண்டை ஊசி வளைவுகள். தென்னையில் தொடங்கித் தேயிலையில் முடிகிற பாதை. பல இடங்களில் நடந்து போகிறவர் நம்மோடு பேசிக்கொண்டே வரலாம், அவ்வளவுதான் வேகம். நீலகிரிக்கு ஏறும் சாலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். குன்னூர் சாலையைப்போல ஹாரன் சத்தம் இங்கே கிடையாது. இ-பாஸ் வந்தபிறகும் அங்கே வாரக்கடைசிகளில் கார்களுக்குக் குறைவில்லை. இங்கேயோ பகலிலேயே எப்போதாவது ஒரு பஸ், ஒரு ஜீப். அதனால் 'கார்கள் வரும்முன்' என்ற காரணம் இந்தச் சாலைக்குப் பொருந்தவே பொருந்தாது.

போன ஜனவரியில் நாங்கள் நான்கு பேர். கெத்தைக்குக் கீழே, ஐந்தரை மணி இருக்கும். முன்னால் போன தம்பி வளைவில் திரும்பியதும் நின்றுவிட்டான். சாலையின் நடுவே ஒரு பெண் யானை, அதன் வயிற்றுக்கடியில் குட்டி. பதினைந்து மீட்டர்கூட இல்லை. காது விரிந்தது. சைக்கிளைத் திருப்பக் காலைப் பெடலிலிருந்து கழற்ற வேண்டும். ஷூவோடு பூட்டியிருந்த காலைக் கழற்ற எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இறக்கத்தில் உருண்டு வந்து இரண்டு வளைவுகளுக்குக் கீழே நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து முதல் பஸ் வந்தது. ஓட்டுநர் எங்களைப் பின்னால் நிற்க வைத்து, இன்ஜினை உறும விடாமல், விளக்கை அணைத்து அணைத்துப் போடாமல், அப்படியே காத்திருந்தார். யானை தானாக இறங்கிப் போனது. போகும்போது அவர் கேட்டார்: "பஸ்ஸுக்குச் சத்தம் இருக்கிறது கண்ணு, ஒரு வளைவுக்கு முன்னாலேயே யானைச் சாமிக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கு என்ன இருக்கிறது?"

அந்தக் கேள்வியோடுதான் ஓர் ஆண்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் போட்டுத் துடைத்த செயின், சத்தமில்லாத டயர் என்று நாம் பெருமைப்படுவதெல்லாம் அங்கே ஆபத்து. சரி, சத்தம் இல்லை, வாசனை இருக்கிறதே என்று நினைத்தேன். யானைக்குக் கண்ணைவிட மூக்குதான் கூர்மை. ஆனால் அதிகாலையில் அதுவும் நமக்கு எதிராக இருக்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கனத்து மலையிலிருந்து பள்ளத்துக்கு வழியும். நாம் கீழிருந்து ஏறுகிறோம். மேலே நிற்கும் யானையின் வாசனை நம் பக்கம் வருகிறது. நம் வாசனை அதனிடம் போவதில்லை. வெயில் பட்டுச் சரிவு சூடேறியபின் காற்று திரும்பி மேலே எழும்பும். அப்போது நாம் வருவதை நம் வியர்வை முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடும். ஆக, எந்த நேரத்தில் யானை சாலையில் நிற்குமோ, அதே நேரத்தில் சத்தமும் வாசனையும் இல்லாத ஆளாக அதன் முன்னால் போய் நிற்கிறோம். மிரண்ட யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஏற்றத்தில் நம் வேகம் ஏழோ எட்டோ.

கல்லட்டிக்கும் இதையே சொல்வேன். மசினகுடியிலிருந்து தலைக்குந்தாவுக்கு 36 வளைவுகள். பன்னிரண்டு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரும் சரிவில் ஏற நம் மலை ரயிலுக்கே பற்சக்கரம் தேவைப்படுகிறது. கல்லட்டியில் அதைவிடச் செங்குத்தான இடங்களை வெறும் தொடை பலத்தில் மிதிக்கிறோம் என்ற கர்வம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஏற்றத்தின் அடிவாரம் சீகூர் பீடபூமி. 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த யானை வழித்தடம் இருப்பது அங்கேதான். கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் இறங்குவது ஊரறிந்த விஷயம். அதே பலாவுக்காக நாமும் அங்கே சைக்கிளை நிறுத்துகிறோம், அதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

நான் கேட்பது இதுதான். கெத்தைப் பாதையில் காலை ஏழு மணிக்கு முன் யாரும் வெள்ளியங்காட்டைத் தாண்ட வேண்டாம். சோதனைச் சாவடியில் நின்று, இரவு யானை எங்கே நின்றது என்று கேட்டுவிட்டுப் போகலாம். வனக்காவலர்களுக்குத் தெரிந்தது எந்தச் செயலியிலும் வராது. வளைவுக்கு வளைவு மணி அடிக்கலாம். மணியைப் பார்த்து 'எடை கூடுகிறது' என்று சிரிக்கிற தம்பிகளை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

வெயில் அடிக்கும், மறுக்கவில்லை. ஒரே நாளில் ஏறி இறங்குவதும் நடக்காது. அதனால் என்ன, மஞ்சூரில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் வெயில் வந்தபின் கிண்ணக்கொரை வரை போய் வரலாம். தேயிலையும் சோலையும் மாறி மாறி வரும் அந்தச் சாலையை, நேரத்தைப் பார்த்துத் திரும்பியே பழகிய நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஜனவரி உறைபனியில் விடியுமுன் இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்காது. அந்தத் தொல்லையும் இல்லை.

அடுத்த ஞாயிறு பயணத்துக்கு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 3.30-க்குக் காரமடையில் தேடாதீர்கள். ஆறரைக்கு வெள்ளியங்காடு டீக்கடையில் இருப்பேன், முதல் டீ என் கணக்கு.

இப்படிக்கு,
மேட்டுப்பாளையத்திலிருந்து உங்களோடு ஏறும் ஒருவன்