ஊர்விலக்கும் ஏதென்ஸின் பானை ஓடும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்டப்பஞ்சாயத்தில் ஒரு குடும்பத்தையே ஒதுக்கிவைத்த கொடுமையை முதல் பக்கத்தில் போட்டதற்கு நன்றி. ஆனால் அதன் பக்கத்திலேயே பெட்டிச் செய்தியாக, பழைய ஏதென்ஸிலும் இதே வழக்கம் இருந்தது, குற்றவாளிகளின் பெயரைச் சிப்பியில் எழுதி ஊர்விலக்கு செய்தார்கள் என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

சிப்பி எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. ஆங்கிலத்தில் ஒதுக்கிவைப்பதற்குச் சொல்லும் 'ஆஸ்ட்ரசிசம்' என்பதன் மூலம் 'ஆஸ்ட்ரகோன்' என்ற கிரேக்கச் சொல். ஆமை, நத்தை, சிப்பி போன்றவற்றின் மேலோட்டுக்கும் அதுதான் பெயர், சுட்ட மண் ஓட்டுக்கும் அதுதான் பெயர். ஏதென்ஸ்காரர்கள் எழுதியது உடைந்த பானை ஓட்டில். பாப்பிரஸ் தாள் எகிப்திலிருந்து வர வேண்டிய சரக்கு, ஓடு தெருவில் கிடக்கும். குயவர் பகுதியான கெரமெய்கோஸில் தோண்டியபோது பெயர் கீறிய ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

குற்றவாளி என்பதுதான் பெரிய தவறு. அங்கே குற்றச்சாட்டே கிடையாது, விசாரணையும் கிடையாது. இந்த வருடம் பானை ஓட்டில் பெயர் எழுதும் வாக்கெடுப்பு வேண்டுமா என்று மக்கள் மன்றத்தில் கேட்பார்கள், வேண்டும் என்றால் இரண்டு மாதம் கழித்துச் சந்தைவெளியில் கூடி, அளவுக்கு மீறி செல்வாக்கு வளர்ந்துவிட்டது என்று தோன்றுகிற ஒருவருடைய பெயரைக் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6000 ஓடுகள் விழ வேண்டும். பெயர் வந்தவர் பத்து நாளில் கிளம்ப வேண்டும், 10 ஆண்டு கழித்துத் திரும்பலாம், நிலபுலன் அவருடையதுதான், குடியுரிமையும் போகாது. கி.மு. 482இல் அனுப்பப்பட்ட அரிஸ்டைடிஸ் என்ற அரசியல் தலைவரை, பாரசீகப் படை வந்தபோது தண்டனைக்காலம் முடியும் முன்பே திரும்ப அழைத்து, படை நடத்தவும் விட்டார்கள்.

அதற்காக அது சுத்தமான முறை என்று நான் சொல்லவரவில்லை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கு இல்லை. தில்லுமுல்லும் நடந்திருக்கிறது: ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளிஸ் என்ற அரசியல் தலைவரின் பெயர் எழுதிய சுமார் 190 ஓடுகள் 1937இல் கிடைத்தன, எழுத்தைப் பார்த்தால் 14 பேர்தான் உட்கார்ந்து அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள், அதாவது கூட்டத்தில் கொடுப்பதற்காக யாரோ முன்கூட்டியே தயார் செய்து வைத்தவை. கி.மு. 415ஐ ஒட்டி ஹைபர்போலஸ் என்ற அரசியல்வாதியை அனுப்பியதோடு வழக்கமே நின்றுபோனது.

ஆனாலும் அது ஊரையே ஆட்டிவைக்கக்கூடியவர்கள்மீது சட்டப்படி விழுந்த அடி. நம்மூரில் நடப்பது என்ன? நாலு பேர் ஆலமரத்தடியில் உட்கார்ந்து, சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணின் அப்பாவுக்குக் கடையில் அரிசி கொடுக்காதே, குழாயில் தண்ணீர் பிடிக்கவிடாதே, சாவுக்குப் போகாதே என்று சொல்கிறார்கள், அதற்குக் காலக்கெடுவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. இது அப்பட்டமான குற்றம். இதை ஏதென்ஸோடு சேர்த்து எழுதினால், உலகம் பூராவும் உள்ளதுதானே என்று அந்த நாலு பேருக்கும் நாமே சாக்கு எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். அப்புறம், அந்தக் குடும்பத்துக்கு இப்போது கடையில் சாமான் கொடுக்கிறார்களா, போலீசில் வழக்குப் பதிந்தார்களா என்பதையும் விடாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை