பேத்திக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

அன்பின் பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. மருமகன் பக்கத்தில் நின்றார், அம்மா வேறு பேத்தியைக் காட்டு, காட்டு என்று நடுவில் புகுந்துகொண்டிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், ஆறுதலாக வாசி.

பேத்திக்குப் பிரெஞ்சு வேண்டுமென்றால் நீங்கள் இருக்கிற ஒன்ராறியோவில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலேயே இமெர்ஷன் வகுப்பு, பாடங்களைப் பிரெஞ்சில் படிப்பிக்கிற வகுப்பு, இருக்கிறது, முழுப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் எதற்கு, நாங்கள் என்ன பிரெஞ்சுக்காரரா என்று கேட்டாய். அதோடு விடவில்லை. 1956இல் ஊரில் சிங்களத்தை மட்டும் ஆட்சி மொழியாக்கினார்களே, அதைப் போலத்தானே நாங்கள் மொன்றியலில் இருந்தபோது கியூபெக் மாகாணம் உன்னைக் கட்டாயமாகப் பிரெஞ்சில் படிக்க வைத்தது என்றாய். அந்தக் கோபத்துக்கே முதலில் வருகிறேன்.

உன் அப்பப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு சிங்களச் சோதனை பாஸ் பண்ணாதவர்களுக்குச் சம்பள உயர்வும் பதவி உயர்வும் நின்றன. அவர் சோதனைக்குப் போகவில்லை. நேரத்தோடு பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவன் 80களில் மொன்றியலில் வந்து இறங்குகிறான். பிள்ளை எந்த மொழியில் படிக்கும் என்பதை இங்கே சட்டம் சொல்லும் என்று கேள்விப்படுகிறான். எனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று நீயே யோசி. கோயிலில் சந்திக்கிற எங்கள் ஆட்களில் பலர் இன்றைக்கும் நீ சொன்னதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. அங்கே பத்தில் ஏழு பேர் சிங்களவர். நாடாளுமன்றமும் அரசாங்கமும் அவர்கள் கையில் இருந்தபோதே அந்தச் சட்டம் வந்தது. இங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஒரு மாகாணத்தில் பெரும்பான்மை, நாடு முழுவதும் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு. சொந்த ஊரிலேயே அவர்கள் கீழேதான் இருந்தார்கள். 60களில் மத்திய அரசு அமைத்த லோரண்டோ - டன்டன் ஆணைக்குழு கியூபெக்கில் யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று 1961 குடிசன மதிப்பீட்டை வைத்துப் பார்த்தது. 14 இனக்குழுக்களில் பிரெஞ்சுக் கனடியர்களுக்கு 12ஆவது இடம். அவர்களுக்குக் கீழே இத்தாலியர்களும் பூர்வகுடிகளும் மட்டும்தான். நான் சபனெல் வீதியில் தையல் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியபோதும் அந்தக் காலத்தின் வால் மிச்சம் இருந்தது. மெஷினில் இருந்த பெண்கள் பிரெஞ்சு, ஹெய்ட்டிக் கிரியோல், போர்த்துக்கீசியம் என்று கதைப்பார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்த ஆட்கள் ஆங்கிலம்.

அந்த நிலையில் வந்து சேர்கிறவன் பிள்ளையை எங்கே அனுப்புவான்? சம்பளம் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழிக்குத்தான். இத்தாலியர்களும் கிரேக்கர்களும் அதைத்தான் செய்தார்கள். 1968இல் செயின்ட் லெயொனார் என்ற இடத்தில் பள்ளிக்கூடச் சபை இனிப் பிரெஞ்சில்தான் படிப்பு என்று சொல்ல, இத்தாலியப் பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். அடுத்த வருடம் தெருவில் அடிதடி வரைக்கும் போனது. அரசாங்கம் ஒருமுறை விரும்பிய மொழியில் படிக்கலாம் என்றது. பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சோதனை வைத்தது. இரண்டும் சரிவராமல் 1977இல் கியூபெக் முதலமைச்சர் ரெனே லெவெக்கின் அரசாங்கம் 101ஆம் சட்டத்தைக் கொண்டு வந்தது. வெளியிலிருந்து வருகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்; முன்பே ஆங்கிலத்தில் படித்த குடும்பங்களுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் அப்படியே. ஆங்கிலத்தில் படிப்பிக்கிற மக்கில் பல்கலைக்கழகத்தை யாரும் மூடவில்லை. ஆங்கில ஆஸ்பத்திரிகள் இருந்தன, இருக்கின்றன. அப்பப்பாவிடம் இருந்ததைப் பறித்தார்கள். இங்கே தெரிவு போனது எங்களைப் போல வந்தவர்களுக்கு. அதில் உனக்குக் கோபம் வருவது நியாயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எனக்கும் கோபங்கள் இருக்கின்றன. 1995 ஒக்டோபர் 30, கியூபெக் கனடாவிலிருந்து பிரியுமா இல்லையா என்ற வாக்கெடுப்பு. உன்னை நித்திரைக்கு அனுப்பிவிட்டு நானும் அம்மாவும் டிவிக்கு முன்னால் இருந்தோம். பிரிவினை வேண்டாம் என்பவர்களுக்கு 50.58 வீதம். வித்தியாசம் 54,288 வாக்கு. அந்த இரவே முதலமைச்சர் பரிஸோ மேடையில் ஏறி, பணத்தாலும் இனக்குழு வாக்குகளாலும் தோற்றோம் என்றார். நான் வரி கட்டுகிறேன், என் பிள்ளை அவர்களின் மொழியில் பாட்டுப் படிக்கிறது, அதற்குப் பிறகும் நான் இனக்குழு வாக்கு! அடுத்த நாள் அவர் பதவி விலகுவதாக அறிவித்தது வேறு கதை. 2022இல் வந்த 96ஆம் சட்டமும் எனக்குப் பிடிக்கவில்லை. அகதியாக வந்தவனோடு ஆறு மாதத்துக்குப் பிறகு அரசாங்கக் கந்தோர் பிரெஞ்சில்தான் கதைக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரி போன்ற சிலதுக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் எனக்கு பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சொல்லத்தான் பிரெஞ்சு வந்தது.

சரி, இனிப் பள்ளிக்கூடம்.

1982இல் பிரதமர் பியேர் ட்ரூடோ காலத்தில் வந்த உரிமைச் சாசனத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு மாகாணத்தில் ஆங்கிலமோ பிரெஞ்சோ சிறுபான்மை மொழியாக இருந்து, நீ கனடாவில் எங்கேயாவது அந்த மொழியில் ஆரம்பப் படிப்புப் படித்த குடிமகளாக இருந்தால், உன் பிள்ளையை அந்த மொழியிலேயே படிப்பிக்க உனக்கு உரிமை உண்டு. வீட்டில் என்ன மொழி, பரம்பரை என்ன என்று அந்த வரி கேட்காது. ஒன்ராறியோவில் பிரெஞ்சு சிறுபான்மை. நீ மொன்றியலில் படித்தது பிரெஞ்சில். எனக்குத் தெரிவு தராத அந்தச் சட்டத்தால் நீ படித்தாய் பார், அந்தப் படிப்புத்தான் இப்போது ஒன்ராறியோவில் உனக்கு அரசியலமைப்பு உரிமையாக நிற்கிறது. ஸ்காபுறோவில் பிறந்து வளர்ந்து ஆங்கிலத்தில் படித்த மருமகனுக்கு இந்த உரிமை இல்லை. ஆனால் அவரையும் சும்மா நினைக்காதே. நீங்கள் நாளைக்கு மொன்றியலுக்கு வந்தால், அவருடைய ஸ்காபுறோப் படிப்பை வைத்துப் பேத்தியை இங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், 101ஆம் சட்டம் தடுக்க முடியாது! இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் போனது.

இமெர்ஷனைக் குறைவாகச் சொல்லவில்லை. அது தொடங்கியதே மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில், செயின்ட் லம்பேரில், 1965இல். ஆங்கிலம் பேசுகிற பெற்றோர் தங்கள் பிள்ளைகள் பிரெஞ்சு தெரியாமல் இந்த ஊரில் பிழைக்க முடியாது என்று முதலிலேயே விளங்கிக்கொண்டு கேட்டு வாங்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் அது ஒரு வகுப்புத் திட்டம். இடம் போதாவிட்டால் சில சபைகள் குலுக்கல் போடும். நாட்டிலேயே இரண்டு மொழியையும் உத்தியோக மொழியாக வைத்திருக்கிற ஒரே மாகாணம் நியூ பிரன்ஸ்விக். அங்கேயே அரசாங்கம் இமெர்ஷனை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கப் பார்த்தது, பெற்றோர் போட்ட சத்தத்தில்தான் 2023இல் கைவிட்டது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு அமைச்சர் நினைத்தவுடன் கை வைக்க முடியாது.

அந்தப் பள்ளிக்கூடங்களும் லேசில் வந்தவை இல்லை. 1912இல் ஒன்ராறியோ அரசாங்கம் 17ஆம் விதி என்று ஒன்று போட்டது. முதல் இரண்டு வருடத்துக்குப் பிறகு பிரெஞ்சில் படிப்பிக்கக் கூடாது. ஒட்டாவாவில் கீக் பள்ளிக்கூடத்தில் டெலோஜ் சகோதரிகள் என்ற இரண்டு இளம் ஆசிரியைகள் மாட்டோம் என்றார்கள். 1916இல் அவர்களைப் பிடிக்க வந்தவர்களைத் தாய்மார் வாசலில் நின்று தொப்பி ஊசியால் குத்தி விரட்டினார்கள். சட்டம், நீதிமன்றம், மேன்முறையீடு என்று எவ்வளவோ இருந்தும் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த ஊசிதான். அந்த விதிக்காக ஒன்ராறியோ மன்னிப்புக் கேட்டது 2016இல், அந்த ஊசிச் சண்டைக்கு நூறு வருடம் கழித்து. இன்றைக்கு ஒன்ராறியோவில் 12 பிரெஞ்சுப் பள்ளிக்கூடச் சபைகள் இருக்கின்றன, உன் பக்கத்தில் பொதுச் சபையும் உண்டு, கத்தோலிக்கச் சபையும் உண்டு.

மனிரோபாக் கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1870இல் அந்த மாகாணம் உருவானபோது இரண்டு மொழியும் சட்டத்தில் இருந்தன. 1890இல் பிரெஞ்சைத் தூக்கிவிட்டார்கள். அது செல்லாது என்று 1892இலும் 1909இலும் நீதிபதிகள் சொன்னார்கள், அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1976இல் செயின்ட் பொனிபாஸில் ஜோர்ஜ் பொரே என்ற மனிதருக்கு 5 டொலர் பார்க்கிங் டிக்கெட் வந்தது, ஆங்கிலத்தில் மட்டும். கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் வழக்குப் போட்டார். 1979இல் உச்ச நீதிமன்றம் 1890ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்றது. 1985இல் இன்னொரு தீர்ப்பு: 1890இலிருந்து ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய சட்டம் ஒன்றும் செல்லாது! மாகாணம் சட்டமே இல்லாமல் நிற்கக் கூடாதென்று மொழிபெயர்த்து முடிக்கும்வரை தவணை கொடுத்தார்கள். ஊரில் எத்தனை பேர் அந்த டிக்கெட்டைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள்?

இந்த 23ஆம் பிரிவும் அந்த மாதிரிதான், பாவிக்காவிட்டால் போய்விடும். பேத்தி ஆங்கிலத்தில் படித்தால், நாளைக்கு அவள் பிள்ளைக்கு இந்த உரிமையை உன் வழியாகக் கேட்க முடியாது. பிரெஞ்சில் படித்தால் அவள் கையில் அது இருக்கும், எந்த மாகாணத்தில் போய் இருந்தாலும்.

நாங்கள் பிரெஞ்சுக்காரரா என்று கேட்டாயே. உன் வகுப்புப் படத்தை எடுத்துப் பார். ஹெய்ட்டி, போர்த்துக்கல், வியட்நாம், லெபனான், யாழ்ப்பாணம். கியூபெக்கில் நாலு தலைமுறை இருந்த குடும்பத்துப் பிள்ளை எத்தனை இருந்தது? நீங்கள் எல்லாம் முற்றத்தில் சண்டை பிடித்தது பிரெஞ்சில். ரொறன்ரோப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களிலும் இன்றைக்குக் கொங்கோ, அல்ஜீரியா, ஹெய்ட்டிப் பிள்ளைகள் நிறைய. பேத்தி அங்கே வித்தியாசமாகத் தெரிய மாட்டாள்.

ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டு மட்டும் கணக்கில் எடுத்தால் கனடா முடிந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். இனுயிட் பூர்வகுடிப் பெண்ணான மேரி சைமன் 2021இல் கனடாவின் ஆளுநர் நாயகமானபோது பிரெஞ்சு தெரியாதவர் எப்படி என்று முறைப்பாடுகள் குவிந்தன. அந்த அம்மா பிறந்ததே கியூபெக்கின் வடக்கில். தன் மக்களின் மொழியான இனுக்ரிற்றும் ஆங்கிலமும் தெரியும். படித்த மத்திய அரசுப் பகல் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லித் தரவில்லை என்றார். இங்கே வந்த ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் முதலே இருந்த மொழி அவருடையது. தமிழுக்கும் 23ஆம் பிரிவு இல்லை. அதை நீயும் நானும்தான் பார்க்க வேண்டும், சனிக்கிழமை வகுப்பை விட்டுவிடாதே. மற்ற இரண்டில் ஆங்கிலம் தெருவிலும் டிவியிலும் தானாக வந்துவிடும்.

மருமகனுடைய பயம் நியாயமானது. பள்ளிக்கூடத்துக் கடிதம் பெரும்பாலும் பிரெஞ்சில் வரும், வீட்டுப்பாடத்துக்கு அவர் உதவ முடியாது. நீ இருக்கிறாய். எனக்கு அப்போது யாரும் இல்லை, ஆசிரியர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்பதை நீதான் எனக்கு மொழிபெயர்த்தாய், எதை விட்டுவிட்டுச் சொன்னாயோ! தூரம்தான் உண்மையான பிரச்சினை. உயர்நிலைப் பள்ளிக்கூடங்கள் குறைவு, பள்ளிக்கூட பஸ்ஸில் நேரம் போகும். அதனால் பலர் அந்த வயதில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அதை அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்குப் போகும்போது நீ பிரெஞ்சில் ஆரம்பப் படிப்புப் படித்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். உன் றிப்போட் எல்லாம் அம்மா ஒரு கோப்பில் வைத்திருக்கிறாள், முதலாம் வகுப்பிலிருந்து. பிரதி எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். மூலப்பிரதி வேண்டுமென்றால் சொல், தபாலில் போட மாட்டேன், வரும்போது கையில் கொண்டு வருகிறேன். இமெர்ஷன்தான் என்று முடிவெடுத்தால் அதையும் சொல்லிவிடு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா