கழிவுநீர்க் குழாய்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தரைத்தள வீட்டில் மூன்றாவது முறையாகக் கழிவுநீர் எதிர்த்து ஏறியதையடுத்து, நேற்று குழாய்க்குள் கேமரா செலுத்திப் பார்த்தோம். 1986இல் பதித்த 6 அங்குல ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயின் இணைப்புகளில் பூசியிருந்த சிமெண்ட் கலவை உதிர்ந்து, அந்த இடைவெளிகள் வழியே புங்கமரத்தின் வேர்கள் உள்ளே நுழைந்திருப்பதோடு, இரண்டாவது சேம்பருக்கும் (குழாயைத் திறந்து பார்ப்பதற்கான தொட்டி) மூன்றாவதற்கும் நடுவே மண் இறங்கியதால் குழாய் தாழ்ந்து, நீர் தேங்கி நிற்பதும் தெரிந்தது.

ஓரிடத்தில் மட்டும் விரிசல் என்றால், அந்தத் துண்டை மாற்றினாலே போதும் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் வெட்டிய வேர் மீண்டும் வளரும். வாட்டம் (சரிவு) கெட்ட குழாயில் எத்தனை முறை அடைப்பெடுத்தாலும் கசடு அங்கேயே படியும். ஆகவே அந்தப் பகுதி முழுவதையும் பிவிசி குழாயாக மாற்றி, 100 அடிக்கு 1 அடி வாட்டம் கிடைக்குமாறு பதிப்பதே சரி என்பது என் கருத்து. சாலையிலுள்ள இணைப்பைத் தொட நேர்ந்தால், சென்னைக் குடிநீர் வாரியத்தின் அனுமதி பெற வேண்டும்.

அதுவரை அடைப்பெடுக்க இயந்திரத்தை மட்டுமே பயன்படுத்துவோம். பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், அவசரத்தில்கூட யாரையும் சேம்பருக்குள் இறங்கச் சொல்லாதீர்கள்.

ஞாயிறு காலை 10 மணிக்கு மொட்டைமாடியில் கூடுவோம். கேமரா பதிவையும் இரண்டு விலைப்புள்ளிகளையும் கொண்டுவருகிறேன். வர இயலாத உரிமையாளர்கள் தங்கள் முடிவைச் சனிக்கிழமைக்குள் இங்கேயே தெரிவித்துவிடுங்கள்.

செயலாளர்