“வாழ்நாள் முழுக்கத் தாங்கும்” என்று விற்ற பாலி புஷ் செட் குறித்துப் புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 06.10.2025

பொருள்: பழைய எம்ஜிபி காருக்கு வாங்கிய சஸ்பென்ஷன் புஷ் செட் – தவறான ஆலோசனை, அளவுக் குறைபாடு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். 2024 ஜனவரியில் தங்களிடம் எம்ஜிபி என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கான முழு பாலியூரித்தேன் (சுருக்கமாகப் பாலி) புஷ் செட்டை, அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் அதிர்வைத் தாங்கப் போடும் உருளைகளை, 38,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதே ஆண்டு பிப்ரவரியில் மாட்டினோம். இந்த ஆகஸ்டில் ஆன்டி ரோல் பாரில் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) உள்ளதைத் தவிர மற்ற அத்தனையையும் கழற்றிவிட்டோம். இடையில் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். வந்த இரண்டு பதில்களும் கேட்ட கேள்வியைத் தொடவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னுடையது 1971 மாடல் ரோட்ஸ்டர், கூரையைத் திறக்கக்கூடிய வகை. 16 வருஷமாக என்னிடம் இருக்கிறது. எம்ஜிபி 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி, உதிரிபாகத்துக்குப் பஞ்சமே கிடையாது. பழையபடி ரப்பர் புஷ்ஷே வாங்கியிருக்கலாம். எதைப் போடுவது என்ற குழப்பத்தில்தான் தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கார் புதுச்சேரியில், கடலிலிருந்து நடக்கும் தூரத்தில் நிற்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் வரை போய்வருவேன், எப்போதாவது ஈசிஆரில் சென்னை, பந்தயத்துக்கெல்லாம் போவதில்லை என்றும் சொன்னேன். எதிர்முனையில் பேசியவர் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “ரப்பரெல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு சார், எல்லா இடத்துக்கும் பாலி போட்டுடுங்க, வாழ்நாள் முழுக்கத் தாங்கும், கிரீஸ்கூட வேண்டாம்” என்றார். நம்பினேன்.

மாட்டிய அன்றே சந்தேகம் வந்தது. ஜாக்கியை இறக்கியதும் முன்பக்கம் தானாக உட்காரவில்லை, இரண்டு விரல் உயரத்தில் தூக்கியபடி நின்றது. மெக்கானிக் அண்ணனும் நானும் பம்பரில் ஏறி நின்று அழுத்திய பிறகுதான் இறங்கியது. இரண்டாவது வாரத்தில் ஒவ்வொரு வேகத்தடையிலும் துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல் கிறீச்சென்ற சத்தம். சாலையில் கிடக்கும் சின்னக் கல்கூட ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்தது. தங்களுக்கு எழுதினேன். “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்று பதில் வந்தது. சரி என்று ஓட்டினேன். சரியாகவில்லை.

கழற்றிய பிறகுதான் காரணம் தெரிந்தது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள லேத் பட்டறையில், முன் லோயர் ஆர்ம் (முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை) புஷ்ஷையும் அதற்குள் போகும் ஸ்டீல் ஸ்லீவையும் (குழாய்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெர்னியரில் அளந்தோம். ஸ்லீவ் புஷ்ஷைவிட 0.7 மில்லிமீட்டர் குட்டை. நான்கு இடத்திலும் கிட்டத்தட்ட அப்படியே. இது எப்படி இருக்க வேண்டும் என்று தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ரப்பர் புஷ்ஷில் ரப்பர் உள்ளே முறுக்கிக்கொண்டு ஆர்முக்கு அசைவு கொடுக்கும். பாலி அப்படி முறுக்காது, ஸ்லீவைச் சுற்றி வழுக்கித் திரும்ப வேண்டும். அதற்கு ஸ்லீவ் புஷ்ஷைவிடச் சற்றே நீளமாக இருக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது வாஷர் ஸ்லீவை மட்டும் பிடிக்க வேண்டும். தாங்கள் கொடுத்ததில் வாஷர் பாலியையே கவ்விப் பிடித்துவிட்டது. திரும்ப வேண்டிய இடம் திரும்பாமல் போனால் வண்டி எப்படி உட்காரும்?

அப்புறம் கிரீஸ். வழுக்கித் திரும்ப வேண்டிய பொருளுக்குச் சிலிக்கான் கிரீஸ் அவசியம். பெட்டியில் ஒரு சிறு பாக்கெட்கூட இல்லை. வேண்டாம் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள்.

பாலியூரித்தேன் எல்லாம் ஒன்றல்ல என்பதும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். பாலியெஸ்டர் வகை எண்ணெயையும் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும், ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் அதன் கட்டமைப்பே உடைந்துவிடும். பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும். புதுச்சேரியில் வருஷம் முழுக்க வியர்வை காயாத காற்று; ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர். இந்த ஊருக்கு எந்த வகை என்பது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தங்கள் பெட்டியிலோ பில்லிலோ வகையும் இல்லை, கடினத்தன்மையும் இல்லை. கழற்றிய பின்பக்க ஷேக்கிள் (பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இணைப்பு) புஷ்ஷைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. நகத்தால் கீறினால் ஓரம் பழைய வெல்லம்போல் உதிர்கிறது. ரப்பர் பாகங்கள் வார்க்கும் ஒரு பட்டறையில் கேட்டு, வீணாகாத மூன்று புஷ்களை அளந்து பார்த்தோம். ஒரே பையில் வந்த, ஒரே இடத்துக்கான புஷ்கள். கடினத்தன்மையைக் காட்டும் ஷோர் ஏ அளவில் 82, 90, 94. வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஸ்லீவ்கள் துருவேறி போல்ட்டோடு ஒட்டிப்போயிருந்தன. இரண்டு போல்ட்டை ரம்பம் போட்டு அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கடலோரத்து வண்டி என்று சொன்ன பிறகும் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்லீவைத் தாங்கள் பரிந்துரைக்கவே இல்லை.

தங்கள் கடைசிப் பதிலில், மெக்கானிக் தவறாக மாட்டியிருப்பார் என்றும், ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் கார் மூழ்கியிருக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். 2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் கரையைக் கடந்தபோது கார் எங்கள் வீட்டு போர்டிகோவில், தெருவைவிட மூன்று படி உயரத்தில் நின்றது. தண்ணீர் இரண்டாவது படியைத் தாண்டவில்லை. கிறீச் சத்தம் பற்றி நான் எழுதியது அதற்கு எட்டு மாதம் முன்பு, மார்ச்சில். மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. 40 வருஷமாக ஸ்பேனர் பிடிக்கும் மனிதர் அவர். எந்தக் கையால் மாட்டினாலும் 0.7 மில்லிமீட்டர் வளராது.

பாலியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆன்டி ரோல் பார் தாங்கிகளில் தங்கள் பாலி இன்னும் இருக்கிறது, அதை மாற்றப் போவதில்லை. எஞ்சின் ஆயில் சொட்டும் இடத்தில் ரப்பர் ஊதிப்போகும், பாலி நிற்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் வண்டியாக இருந்தால் லோயர் ஆர்முக்கும் கடினமான பாலி சரிதான். என் ஓட்டத்துக்கு, 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 காரின் ரப்பர் புஷ்ஷே போதும். உள்ளே ஸ்டீல் குழாயோடு ஒரே துண்டாக வருவது, எம்ஜிபி வைத்திருப்பவர்கள் பலரும் போடுவது. இப்போது அதைத்தான் மாட்டியிருக்கிறோம், சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகு நட்டை இறுக்கினோம். போன வாரம் கடலூர் போய்வந்தேன், ஒரு சத்தமும் இல்லை. தங்கள் ஊழியர் இதை அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வருஷம் மிச்சம்.

செட்டின் விலை 38,500, மாட்டிய கூலி 9,000, கழற்றவும் லேத் வேலைக்கும் ஆனது 7,400, ஆக 54,900 ரூபாயை 30 நாளுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி விற்கும் பெட்டிகளில் பாலியின் வகையையும் ஷோர் அளவையும் அச்சிடுங்கள், கிரீஸும் சேர்த்துக் கொடுங்கள். இன்னொருவர் என்னைப்போல் அலையக் கூடாது. பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் புதுச்சேரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில், மின்னஞ்சல்கள், வெர்னியர் அளவு தெரியும் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். கழற்றிய புஷ்களும் அறுத்த போல்ட்டுகளும் ஒரு பையில் என் வீட்டில் இருக்கின்றன. தங்கள் தொழில்நுட்ப ஆள் யாராவது வந்தால், அவர் கையிலேயே வெர்னியரைக் கொடுக்கிறேன், அளந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்